கழுவி ஊற்றிய நீர்

தெளிந்த தண்ணீரைப் பார்த்துப் பயந்தவள், அந்த வாரம் கிள்ளான் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், கிள்ளானுக்கு அப்பால், பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் முடிந்து சேறு தொடங்குகிற இடத்தில், ஓர் இறால் குஞ்சுப் பண்ணை இருந்தது. அங்கே பாசி அறைக்கு நான் பொறுப்பு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்தவள் என்பதால் கிடைத்த வேலை. பாசி என்றதும் குளியலறைத் தரையில் வழுக்குமே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல். கோடிக்கணக்கில் பெருகும்போது மட்டும் தண்ணீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். முதலில் லேசாக வெளுத்த மஞ்சள், பிறகு தே-ஓ நிறம், பால் கலக்காத தேநீர் மாதிரி. அந்த நிறம் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

காரணம் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளியே வரும் இறால் குஞ்சு, தன்னோடு கொண்டுவந்த சத்தை வைத்து இரண்டு நாள் ஓட்டிவிடும். அதன்பின் அதற்குப் பசிக்கும். அந்த நேரத்தில் பாசி தயாராக இல்லையென்றால் லட்சக்கணக்கான குஞ்சுகள் தொட்டியின் அடியில் தூசியாகப் படிந்துவிடும். இறாலுக்கு நம்முடைய சமாதானங்கள் புரியாது.

பண்ணையில் என்னைத் தவிர இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் மேடம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் பழைய காரை ஓட்டிக்கொண்டு வருவார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பாசியைப் பற்றி வெளிநாட்டில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். முக்கால் ஆங்கிலம், கால் தமிழ், கோபம் வந்தால் முழு ஆங்கிலம். இன்னொருவர் தண்ணீர் அண்ணன். பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கடல் நீரை ஏற்றி, வடிகட்டி, கிருமி சாக குளோரின் போடுவது அவர் வேலை. மறுநாள் காலை அந்தக் குளோரினை முறிக்க வெள்ளை உப்பு ஒன்றைக் கரைத்து ஊற்றுவார். அதை நாங்கள் ‘தயோ’ என்போம். தயோ போடாத தண்ணீரில் பாசியை விட்டால், விட்ட இடத்திலேயே செத்துவிடும். குளோரின் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கச் சொட்டு மருந்து ஒன்று உண்டு. அந்த மாதம் அது தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தே சொல்வார். நாங்களும் அந்த மூக்கை நம்பினோம்.

அதற்கு முந்தைய வாரம் எங்கள் பாசிக் குடுவைகளில் ஏதோ நுண்ணுயிர் புகுந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சின்னக் குடுவை, ஒரு டம்ளர் அளவு. மேடம் திங்கட்கிழமை ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. வியாழன் மதியம்தான் திரும்புவார். போகும்முன் கதவருகே நின்று விரல் விட்டுச் சொன்னார்.

“இத ஒரு லிட்டருக்கு மாத்துங்க. நல்லா பிரவுன் ஆனதும் பத்து லிட்டருக்கு. ஸ்டெப் பை ஸ்டெப். அவசரப்படாதீங்க. ஓகே?”

“ஓகே மேடம்.”

அவசரப்படாதே என்று என்னிடம் சொல்வது, பூனையிடம் மீனைத் தொடாதே என்று சொல்வது போல. தாய் இறால்கள் இரண்டு அந்த வாரக் கடைசிக்குள் முட்டையிடும் நிலையில் இருந்தன. ஒரு லிட்டர், அது பழுக்க இரண்டு நாள், பிறகு பத்து லிட்டர், அதற்கு இன்னும் இரண்டு நாள்! எதற்கு இந்தச் சுற்றுவழி என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் ஒரு கரண்டித் தயிரை வைத்து ஒரு பானைப் பாலை உறைய வைக்கவில்லையா? பால் அதிகம் என்று எந்தத் தயிராவது கோபித்துக்கொண்டு உறையாமல் இருந்திருக்கிறதா? நேராக இருபது லிட்டர் போத்தலில் விட்டுவிட்டால் மேடம் வரும்போது தே-ஓ நிறத்தில் மின்னும், மேடம் அசந்துபோவார் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன்.

அதோடு விட்டேனா? அந்தப் பழைய குடுவை நீர்மீது எனக்குச் சந்தேகம். மற்றவற்றைத் தின்ற பூச்சி இதிலும் இருந்தால்? ஆகவே பாசியை அசையாமல் அடியில் படியவிட்டு, மேல்நீரை வேறொரு சின்னக் குடுவையில் வடித்தேன். அடியில் தங்கிய பாசியை, அரிசி களைவது போல, அண்ணன் காலையில் தந்த புதுத் தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். அலசிய நீரையும் அந்தச் சின்னக் குடுவையிலேயே ஊற்றினேன். சுத்தமான பாசியை, சுத்தமான இருபது லிட்டரில், உரம் கலந்து விட்டேன். காற்றுக் குழாயைப் போட்டேன். சின்னக் குடுவையில் இருந்த கழுவுநீரைக் கொட்ட வேண்டும். கை கழுவும் தொட்டியருகே சன்னல் விளிம்பில் வைத்தேன், பிறகு கொட்டலாம் என்று. பிறகு மறந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை போத்தல் தெளிவாக இருந்தது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். புதன்கிழமையும் தெளிவாக இருந்தது. அன்று பத்து தடவையாவது போத்தலுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தேன், ஏதாவது மஞ்சள் ஓடுகிறதா என்று. வியாழன் காலை வந்தபோது தாய் இறால் முட்டையிட்டிருந்தது. மதியத்துக்குள் குஞ்சு பொரிந்து தொட்டி முழுக்கப் புள்ளிப்புள்ளியாகத் துடித்தது. என் போத்தலோ குடிக்கலாம் போல இருந்தது. 

மேடம் வந்தார். போத்தலைப் பார்த்தார். ஒரு சொட்டெடுத்து நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் இருந்தன. செத்தவையா, பெருகாமல் கிடப்பவையா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் நிமிர்ந்தபோது முதலில் கேட்டது தண்ணீரைத்தான். அண்ணனைக் கூப்பிட்டார்.

“இந்தப் போத்தல் தண்ணிக்கு தயோ போட்டீங்களா?”

“போட்டேன் மேடம்.” அண்ணன் உடனே சொன்னார். பிறகு இழுத்தார். “போட்டேன்னுதான் நெனைக்கிறேன். அன்னைக்கு பம்ப் வேற மக்கர் பண்ணிச்சு...”

“நினைக்கிறீங்களா? ஆர் யூ ஷ்யூர்?”

அண்ணன் தன் கையைப் பார்த்தார். தினமும் செய்கிற வேலையை நேற்று செய்தோமா முந்தாநாள் செய்தோமா என்று யாருக்குத்தான் பிரித்துத் தெரியும்? இப்போது சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. நான்கு நாள் காற்று ஓடிய தண்ணீரில் குளோரின் இருந்திருந்தாலும் அது பறந்துபோயிருக்கும். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு லிட்டர்ப் படியை நான் தாண்டிக் குதித்ததை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதுதான் காரணம் என்று அப்போது எனக்கே தெரியாது. அண்ணன் மறந்துதான் போயிருப்பார் என்று என் மனம் நிம்மதியாக ஒட்டிக்கொண்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை கை கழுவப் போனவள் சன்னல் விளிம்பைப் பார்த்தேன். கொட்ட மறந்த கழுவுநீர், வெயில் பட்டு, நல்ல தே-ஓ நிறத்தில் இருந்தது.

குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. அதில் பாதி பழைய நீர், பாதி அண்ணன் திங்கட்கிழமை கொடுத்த அதே தண்ணீர். வடிக்கும்போது தப்பி வந்த கொஞ்சம் பாசி. தண்ணீரில் குளோரின் இருந்திருந்தால் இதுவும் செத்திருக்க வேண்டும். செழித்திருக்கிறது. நான் சீராட்டியது தூங்குகிறது, சாக்கடைக்கு ஒதுக்கியது வளர்கிறது. அண்ணன் தயோ போட்டிருக்கிறார். போத்தலைக் கெடுத்தது நான்.

எப்படிக் கெடுத்தேன் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. குடுவையை அலமாரிக்குள், காகிதப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மேடத்திடம் போய், ஏதோ புத்தகத்தில் வந்த சந்தேகம் போலக் கேட்டேன்.

“மேடம், கொஞ்சமா பாசிய எடுத்து நெறைய புதுத் தண்ணியில விட்டா வளராதா?”

அவருக்குப் பிடித்த கேள்வி. குஞ்சுகளின் கவலையைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்.

“லேசில வளராது. ஒவ்வொரு செல்லும் தண்ணிக்குள்ள ஏதோ கசியவிடும். ஒரு வகை ஆசிட்னு சொல்றாங்க, வேற என்னென்ன இருக்குன்னு முழுசா யாருக்கும் தெரியாது. அந்தக் கசிவு சுத்தி ஒரு அளவுக்குச் சேர்ந்தாத்தான் அதுகள் டிவைட் ஆக ஆரம்பிக்கும். பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியிற மாதிரி வச்சுக்குங்களேன். கொஞ்சப் பேரைப் பெரிய தண்ணியில விட்டா கசியிறதெல்லாம் கரைஞ்சு போயிடும். அதுகள் சும்மா காத்துக்கிட்டு இருக்கும். அதுக்குத்தான் ஸ்டெப் பை ஸ்டெப்.”

“பழைய தண்ணிய வெளிய ஊத்திட்டா?”

“இன்னும் மோசம். பழைய தண்ணியிலதான் அதெல்லாம் இருக்கு. ஆனா அதுக்கும் ஒரு அளவு. ரொம்ப அடர்த்தியா வளர்ந்து பழசாப் போன தண்ணி எண்டா, அதே கசிவு கூடிப்போய் வளர்ச்சிய நிப்பாட்டிரும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று என்னைப் பார்த்தார். “ஏன் கேக்கிறீங்க? ஒரு லிட்டருக்கு மாத்தித்தானே பிறகு பெரிய போத்தல்ல விட்டீங்க?”

“ஆமா மேடம்.”

ஒரே ஒரு சொல். யோசிக்காமல் வந்துவிட்டது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே போய்ச் சொன்ன மாதிரி, “நல்லா பிரவுன் ஆனப்புறம்தான் மாத்தினேன்” என்றும் சேர்த்துக்கொண்டேன். மேடம் தலையசைத்தார். அவருக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது.

தயிருக்கும் பாசிக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று முழுவதும் யோசித்தேன். பால் தயிருக்கென்றே காத்திருப்பது போல வளமாக இருக்கிறது. பாசியோ, தான் வாழப் போகிற தண்ணீரைத் தானே பக்குவப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பக்குவத்தைத்தான் நான் அழுக்கு என்று நினைத்து அலசிவிட்டேன். ஒரு வேளை இது வெறும் ஊகமாக இருந்தால்? அப்படி இருந்துவிடாதா என்ற ஆசையோடு ஒரு சோதனை செய்தேன். பெரிய போத்தலின் தண்ணீரை இரண்டு சின்னக் குடுவைகளில் எடுத்தேன். ஒளித்துவைத்த கழுவுநீரிலிருந்து கொஞ்சம் எடுத்து நுண்துளைத் தாளில் வடிகட்டி, அதில் ஒரு செல்கூட இல்லை என்று நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டு, இரண்டு கரண்டியை ஒரு குடுவையில் மட்டும் விட்டேன். இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்தேன்.

சனிக்கிழமை குஞ்சுகளுக்குப் பசிக்கத் தொடங்கியது. அவித்த முட்டையின் மஞ்சள்கருவைத் துணியில் பிழிந்து கொடுத்தோம். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பாதி போயிற்று, இரவுக்குள் மீதியும் போயிற்று. தொட்டியின் அடியிலிருந்து செத்ததை உறிஞ்சி எடுத்தது அண்ணன்தான். எடுக்க எடுக்க, “என் கைதான் தங்கச்சி, என் கைதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அங்கே நிற்கவே முடியவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி வெளியே போனேன்.

திங்கட்கிழமை காலை குடுவைகளைப் பார்த்தேன். பழைய நீர் இரண்டு கரண்டி சேர்த்தது மஞ்சளோடி இருந்தது. மற்றது பளிங்கு மாதிரி. இனி ஊகம் இல்லை. கையில் அத்தாட்சி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தவுக்கே வந்தார். பண்ணை முதலாளி. அதிகம் பேசாத சீனர். காலித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “சியாப்பா பூஞா சாலா?” என்றார். யார் செய்த தப்பு என்றுதான் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மேடம், தண்ணீர் சரியில்லாமல் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார்.

“சாயா தவுக்கே,” என்றார். நான்தான் என்று.

அன்று மதியத்தோடு அவர் வேலை முடிந்தது. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும்போது என்னைப் பார்த்து, “புது ஆளு வந்தா அந்த மூணாவது வால்வ இறுக்கித் திருகச் சொல்லு தங்கச்சி, ஒழுகும்” என்றார். நான் தலையாட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த இரண்டு குடுவைகளும் அப்போது என் மேசை மேல்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தாலும் குஞ்சுகள் பிழைத்திருக்காது என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் நான் பயந்தது குஞ்சுகளுக்காக இல்லை, எனக்காக. வேலை போய்விடும், மேடத்தின் முகம் மாறிவிடும். வேறொன்றும் இல்லை.

ஒளித்துவைத்த கழுவுநீரிலிருந்துதான் எங்கள் பாசி மறுபடியும் எழுந்தது. இந்தமுறை டம்ளரிலிருந்து ஒரு லிட்டர், ஒரு லிட்டரிலிருந்து பத்து, ஒவ்வொரு முறையும் பழைய நீரோடு சேர்த்தே. அடுத்த முட்டைக்குப் பாசி தயாராக இருந்தது. குஞ்சுகள் பிழைத்தன. தீர்ந்துபோன விதைப் பாசியை எங்கிருந்தோ காப்பாற்றிவிட்டேன் என்று மேடம் பாராட்டினார். “யூ ஹாவ் எ குட் ஹேண்ட்,” என்றார். கைராசி உள்ளவள் என்று. அன்றிரவு எனக்குக் காய்ச்சல்.

பிறகு அவர் ஒரு வேலை சொன்னார். புதிதாக வந்த தண்ணீர் ஆளுக்காக ஓர் அட்டை எழுதி ஒட்ட வேண்டும். தயோ போட்டதும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய ஆள் செய்த தவறு திரும்ப நடக்கக் கூடாது. மூன்று மொழியிலும் எழுதச் சொன்னார். மலாயில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் ‘மறக்காமல்’ என்று எழுதியதும் என்னால் அடுத்த சொல் எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அவர் கத்தவில்லை. வெகுநேரம் நுண்ணோக்கியின் உறையை மடித்து மடித்துப் பிரித்தார். “உங்களை அனுப்பிட்டுப் பாசிய யாரு பாக்கிறது?” என்று கடைசியில் ஆங்கிலத்தில் கேட்டார். “நான் தவுக்கேயிடம் பேசறேன். அவரைத் திரும்ப வரச் சொல்லுங்க. ஆனா நீங்களே போய்ச் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பண்டமாரானுக்குப் போனேன். அக்கா, அண்ணனின் மனைவி, கதவைத் திறந்தார். அண்ணன் போர்ட்டில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், அன்று விடுமுறை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தானே அடுப்பில் தேநீர் வைத்தார். வைத்து முடித்ததும் கேஸைத் திருகி மூடினார். தொட்டுப் பார்த்தார். இரண்டு எட்டு வந்தவர் திரும்பிப் போய் மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பிஸ்கட் வாங்க அவர் கடைக்குப் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு வாரமா இப்படித்தான்மா. கேஸ மூடினேனா, கதவப் பூட்டினேனான்னு பாதி வழியில இருந்து திரும்பி வர்றாரு. வேலைக்கு லேட்டாப் போறாரு. நான் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாரு. தன் கையவே நம்பலன்னா என்னை எங்க நம்பப் போறாரு?”

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். தயிர்க் கணக்கைச் சொன்னேன், அலசியதைச் சொன்னேன், குடுவை நிறம் மாறியதையும் நான் அதை ஒளித்ததையும் சொன்னேன். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று மேடம் சொன்னதையும் சொன்னேன். அவர் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“அப்ப நான் தயோ போட்டேனா?”

“போட்டீங்க அண்ணே.”

“நிச்சயமா?”

“போடலன்னா அந்தக் குடுவையும் செத்திருக்கும்ணே. நீங்க போட்டீங்க.”

அவர் தன் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்து இருந்தேன். அக்காதான் பேசினார். “இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா.” அவ்வளவுதான். 

பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று அண்ணன் கூடவே வந்தார். மூன்றாவது வால்வைப் பற்றி விசாரித்தார். புது ஆள் எப்படி என்று கேட்டார். பேச்சில் பழைய கலகலப்பு கொஞ்சம் வந்திருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பாதித் தூரத்தில், பேசிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

“கேஸ மூடினேனா?”

“மூடினீங்க அண்ணே. நான் பாத்தேன். ரெண்டு தடவ தொட்டுப் பாத்தீங்க.”

“பாத்தியா?”

“என் கண்ணால பாத்தேன்ணே.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிறகு, “நீ போ தங்கச்சி, பஸ் வந்துரும்,” என்று சொல்லிவிட்டு வீட்டை நோக்கி வேகமாக நடந்தார்.